நூற்றுப் பன்னிரண்டு மோசம்

நார்ட்பி ஊர்க்காரர்களுக்கு மனம்விட்டுப் பாராட்டத் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. அது அபாண்டம். நன்றாகவே தெரியும். என்ன, அதற்கென்று அவர்கள் வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம்: “ரொம்ப மோசமில்ல.”

ஏக்கருக்கு இருநூற்று முப்பது புஷல், கிட்டத்தட்ட அறுபது மூட்டை, மக்காச்சோளம் விளைந்த வருஷம், விளைச்சல் எப்படி என்று கேட்டவர்களுக்கு எல்லா விவசாயிகளும் சொன்ன பதில் அதுதான். கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடைமேடை பார்க்கும் வெர்லின் ட்வைட், தன் கல்யாணத்தன்று தேவாலய வாசலில் ஜோலீனைப் பார்த்து அதையேதான் சொன்னார். ஜோலீன் அந்தச் சொல்லை இருபத்தாறு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். மகள் மார்னி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை, எழுதினார். உயர்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் மிசஸ் ஹவ்லிக்கைப் பற்றி எழுதினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வசவுக்கும் அந்த ஊரில் ஒரே வாக்கியம்தான்: “வித்தியாசமா இருக்கு.” புதிதாக வந்த போதகரின் மனைவி உருளைக்கிழங்கு சாலட்டில் மிளகாய்த்தூள் தூவிக் கொண்டுவந்தாள். எல்லாரும் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, புன்னகையோடு, “வித்தியாசமா இருக்கே” என்றார்கள். பாவம், அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறும் ரொட்டியோடு வந்தாள். யாரும் அவளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பிப்ரவரி மாதம் பள்ளி நிர்வாகம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருத்துக் கணிப்பு அனுப்பியது. ஒவ்வொரு ஆசிரியரைப் பற்றியும், பள்ளியின் புதுத் திட்டத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதுகிறவர் பெயர் ரகசியமாக இருக்கும் என்று மூன்று இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வெர்லின் சமையலறை மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மார்னிக்குப் பதினான்கு வயதுவரை எண் என்றாலே வயிற்றைக் கலக்கும். பரீட்சை நாளில் நிஜமாகவே வாந்தி எடுப்பாள். மிசஸ் ஹவ்லிக் ஒரு குளிர்காலம் முழுக்க, தினமும் காலை ஆறரை மணிக்குப் பனியை வழித்துக்கொண்டு வந்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை. இப்போது மார்னி தானியக் குதிரின் சுற்றளவையும் உயரத்தையும் அளந்துவிட்டு, உள்ளே எத்தனை புஷல் இருக்கும் என்று வாயாலேயே சொல்கிறாள். எடைமேடை சொல்வதற்கும் அவள் சொல்வதற்கும் ஒரு பக்கெட் வித்தியாசம்கூட வருவதில்லை.

இத்தனையையும் நினைத்துப் பார்த்து, வெர்லின் கணினியில் ஒற்றை விரலால் தட்டினார்: ரொம்ப மோசமில்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஜோலீனுக்குப் பகீரென்றது.

“இவ்வளவு பச்சையா எழுதணுமா, வெர்லின்? அந்தம்மா படிச்சா கூச்சத்துல செத்துப்போவாங்க.”

“இருக்கட்டும். ஒருதடவைதானே.”

ஆனால் அந்தக் குளிர்காலக் காலைகள் மார்னிக்கு மட்டும் வாய்த்தவை அல்ல. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், நூற்றுப் பன்னிரண்டு பேர், அதே போலத் தயங்கி, அதே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்.

கணிப்பைப் படித்தது மனிதர்கள் அல்ல. கடற்கரை ஓரத்துப் பெருநகரம் ஒன்றில் இருந்த நிறுவனத்தின் இயந்திரம். அதற்கு வாக்கியம் படிக்கத் தெரியாது, சொல் எண்ணத்தான் தெரியும். மிசஸ் ஹவ்லிக்கின் பெயருக்கு எதிரே ‘மோசம்’ நூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணிக் கொடுத்தது. அவருக்கு அடுத்தபடியாக இருந்தவருக்கு ஒன்பது. வகுப்பில் விளக்கை அணைத்துப் படம் போட்டுவிட்டுத் தானும் தூங்கும் சரித்திர ஆசிரியரைப் பற்றி நாற்பது பேர் ‘வித்தியாசமா இருக்கு’ என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு ‘ஆண்டின் புதுமைச் சிற்பி’ என்று பட்டயம் கிடைத்தது. பள்ளி நிர்வாகத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் டாக்டர் ஸ்டெயின்கே கொண்டுவந்த ‘சிகரத் தடம்’ என்ற திட்டம், பாடம் தொடங்கும்முன் எல்லாரும் எழுந்து நின்று மூன்று முறை கைதட்டி “நான் ஒரு சிகரம்” என்று கத்த வேண்டிய திட்டம், அது முந்நூற்று நாற்பது வித்தியாசம் வாங்கியது. மாநிலத்திலேயே அதுதான் அதிகம்.

ஏப்ரலில் வெர்லினுக்கு ஒரு கடிதம் வந்தது. ரகசியமாக வைக்கப்பட்ட அவருடைய பெயர் உறையின்மேல் பெரிதாக அச்சாகியிருந்தது. ‘அன்புள்ள புகார்தாரருக்கு, வலியைத் துணிந்து வெளியே சொன்னதற்கு நன்றி. தாங்கள் தனியாக இல்லை’ என்று ஆரம்பித்து, மனம் கனத்தால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணோடு முடிந்திருந்தது.

அன்று மாலைச் சாப்பாட்டில் மார்னி ஹாட்டிஷைக் கிளறிக்கொண்டே இருந்தாள். உருளைக்கிழங்கு மேலே, மாட்டிறைச்சி கீழே என்று இருந்தது தலைகீழாகிவிட்டது.

“மிசஸ் ஹவ்லிக் கழுத்துல ஆரஞ்சுக் கயிறு மாட்டிட்டாங்கப்பா. ‘வளர்ச்சிப் பயணத்தில் இருக்கிறேன்’னு அட்டை தொங்குது. பின் பெஞ்சுல ஒரு ஆள் உக்காந்து அவங்க ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை சிரிக்கிறாங்கன்னு எண்ணுறார்.”

“எத்தனையாம்?”

“ரெண்டு. ரெண்டாவது தும்மல்.”

“அப்புறம்?”

“திங்கட்கிழமை பள்ளி வாரியக் கூட்டத்துல அவங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேணாம்னு தீர்மானம் வைக்கப்போறாங்களாம். நூத்திப் பன்னெண்டு புகார் வந்துச்சாம்.” மார்னி நிமிர்ந்து பார்த்தாள். “யாருப்பா அவங்களைப் பத்தி அப்படி எழுதுவாங்க?”

வெர்லின் தட்டைப் பார்த்தார். ஜோலீன் வெர்லினைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கிடங்கில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் பள்ளிக்குப் போனார். முன்கதவு பூட்டியிருந்தது. பொத்தானை அழுத்தினார். மேலே கண்ணாடிக்குமிழுக்குள் இருந்த கேமரா அவரைப் பார்க்கத் திரும்பியது. சுவர் பேசியது.

“பெயரும் வந்த காரியமும் சொல்லுங்க.”

“லவோன், நான்தான்.” லவோன் பள்ளி அலுவலக எழுத்தர், ஜோலீனின் தங்கை.

“தெரியுது. கதவுக்குத் தெரியணும்ல. பேரைச் சொல்லு.”

“வெர்லின் ட்வைட்.”

“எழுத்துக்கூட்டு.”

“ஏம்மா, உன் அக்கா புருஷன் நான். ஞாயித்துக்கிழமை என் வீட்டுல ரெண்டு துண்டு ஆப்பிள் பை தின்னுட்டுப் போனியே.”

“மூணு. எழுத்துக்கூட்டு, வெர்லின். இதெல்லாம் பதிவாகுது.”

எழுத்துக்கூட்டினார். உள்ளே அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கி ஓர் இயந்திரத்துக்குள் விட்டாள் லவோன். கணினி அவர் எதற்கு வந்தார் என்று கேட்டது.

“புகார், மறந்துபோன மதியச் சாப்பாடு, மறந்துபோன மாத்திரை, குளிர்பான இயந்திரம் பழுது, காவல்துறை. இதுல எது?”

“ஒருத்தரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல வந்தேன்.”

“அப்படி ஒண்ணு இல்ல. அதுக்கு யாரும் வந்ததில்ல.”

“‘மத்தவை’ன்னு இருக்குமே.”

“போன வருஷம் இருந்துச்சு. எல்லாரும் அதையே அழுத்தினாங்கன்னு எடுத்துட்டாங்க.”

“சரி, குளிர்பான இயந்திரம்னு போடு.”

“போட்டா உன்னை அதுகிட்டதான் கூட்டிட்டுப் போகணும். சரி பண்ணாம வெளியவும் விட முடியாது. டாக்டரைப் பாக்கணும்னா புகார் ஒண்ணுதான் வழி.”

“போட்டுத் தொலை.”

“யாரைப் பத்தின்னு கேக்குது.”

“மிசஸ் ஹவ்லிக்கைப் பத்திதான் பேச வந்தேன், ஆனா அது...”

லவோனின் விரல் அதற்குள் தட்டிவிட்டது. திரையை உற்றுப் பார்த்தாள். முகம் சுண்டியது.

“நூத்திப் பதிமூணு” என்றாள் மெதுவாக.

அவருடைய முகம் கறுப்பு வெள்ளையில் அச்சாகி வந்தது. கீழே ‘புகார்தாரர்’ என்று இருந்தது. லவோன் அதை அவர் சட்டையில் ஒட்டி, குழந்தைக்குத் தட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் ஸ்டெயின்கே நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் அல்ல. தபால்வழியில், ‘கைதட்டலின் நிர்வாகவியல்’ என்று ஏதோ ஒன்றில் பட்டம் வாங்கியவர். பதினெட்டு மைல் தள்ளி ஒரு பன்றிப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அது அவருடைய சுவரில் இருந்த பதினோரு சான்றிதழ்களில் எதிலும் குறிப்பிடப்படவில்லை.

“மிஸ்டர் ட்வைட், முதல்ல உங்க தைரியத்துக்குத் தலைவணங்குறேன்.”

“தைரியமா ஒண்ணும் பண்ணல டாக்டர். நான் எழுதினது பாராட்டு.”

“புரியுது, புரியுது. பாதிக்கப்பட்டவங்க இப்படிப் பின்வாங்குறது சகஜம். அது மூணாவது கட்டம்.” டாக்டர் ஒரு வண்ணப் படத்தை எடுத்துக் காட்டினார். மூன்றாவது கட்டம் இளநீலத்தில் இருந்தது. “நாலாவது கட்டத்துல அழுவீங்க.”

வெர்லின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அவருக்குச் சண்டை போடத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகச் சோளத்தைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் எத்தனை சதவீதம் என்று சொல்கிறவர். ஆளையும் கொஞ்சம் அள்ளிப் பார்க்கத் தெரியும்.

“டாக்டர், நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதானே. நீங்க இந்தப் பட்டம் வாங்கினப்ப உங்க அப்பா என்ன சொன்னார்?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“‘ரொம்ப மோசமில்லடா’ன்னார்.” கழுத்துப்பட்டையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். “சொல்லிட்டுப் பன்னித் தொழுவத்துக்குள்ள போயிட்டார். அரை மணி நேரம் வெளியவே வரல. அழுதார்னு அம்மா சொன்னாங்க.”

“அப்ப உங்களுக்கு அர்த்தம் தெரியுமே!”

“தெரியும் வெர்லின். நல்லாவே தெரியும்.” கண்ணாடி மறுபடி ஏறியது, கண்காணிப்பாளர் திரும்பி வந்துவிட்டார். “ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், மிஸ்டர் ட்வைட்? தரவுக்குத் தெரியலயே. எனக்குத் தெரிஞ்சதை வெச்சு முடிவெடுத்தா அது பாரபட்சம். தெரியாததை வெச்சு எடுத்தாதான் நடுநிலை. அதுவும் தவிர...” கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “மோசம்னா பாராட்டுன்னு இன்னைக்கு நான் ஒத்துக்கிட்டேன்னு வைங்க. நாளைக்கு எவனாவது வந்து, அப்ப வித்தியாசம்னா என்ன அர்த்தம்னு கேப்பான். திங்கட்கிழமை எனக்கு மாநில விருது வருது.”

“ஒரு ஆளோட வேலை டாக்டர். முப்பத்தொரு வருஷம்.”

“அதனாலதான் நாங்க ரொம்ப மனிதாபிமானத்தோட அணுகுறோம். வெள்ளிக்கிழமை ஒரு ஆறுதல் வட்டம் போட்டிருக்கோம். நீங்களும் அவங்களும் மட்டும். அதுல ரெண்டு பேருக்கும் மனசு ஆறிடுச்சுன்னு அறிக்கை வந்தா, நானே வாரியத்துகிட்ட பேசிப் பாக்குறேன்.”

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வெர்லின் வெளியே வந்தார்.

ஆறுதல் வட்டம் மல்யுத்தப் பாய்கள் அடுக்கியிருக்கும் அறையில் நடந்தது. பழைய வியர்வை நாற்றம். பாயின் மேல் சப்பணம் போட்டு உட்காரச் சொன்னார்கள். அறுபத்தொரு வயது மிசஸ் ஹவ்லிக் எண்ணெய் காணாத கதவு மாதிரி நெறநெறத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆரஞ்சுக் கயிறு, கட்டையான நரைமுடி, முழங்கையில் சுண்ணக்கட்டித் தூள். நடத்திவைக்கத் தலைநகரிலிருந்து டாப்னி என்றொரு பெண் வந்திருந்தாள். இரண்டு நாள் பயிற்சி எடுத்தவள். அவள் மடியில் பஞ்சடைத்த குளவி ஒன்று இருந்தது. பள்ளியின் கால்பந்து அணிக்குக் குளவிதான் சின்னம். குளவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும்.

“மிஸ்டர் ட்வைட், குளவியைப் பிடிச்சுக்கங்க. கண்ணை மூடுங்க. இவங்க உங்களுக்கு எந்த இடத்துல வலிக்க வெச்சாங்க?”

வெர்லின் குளவியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

“மழை வரும்போல இருக்கு” என்றார்.

குளவி கைமாறியது. மிசஸ் ஹவ்லிக்கும் ஜன்னலைப் பார்த்தார். “மேற்கே நேத்தே பெஞ்சுடுச்சாம்.”

“மண்ணு இன்னும் கொஞ்சம் சூடாகணும். அவசரப்பட்டு விதைச்சவங்க பாடுதான்...”

“குளவி இல்லாம பேசாதீங்க, மிஸ்டர் ட்வைட்.”

“அவசரப்பட்டது தப்புதான்” என்று முடித்தார் வெர்லின், குளவி இல்லாமலே.

“வேணும்னு யாரும் பண்றதில்லையே. வானம் அப்படி” என்றார் மிசஸ் ஹவ்லிக்.

அந்த ஊரில் ஒருவர் மன்னிப்புக் கேட்பதும் மற்றவர் ‘போகட்டும் விடு’ என்பதும் இப்படித்தான் நடக்கும். மழையில் தொடங்கி மண்ணில் முடியும். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. டாப்னி ‘பேச மறுக்கிறார்கள்’ என்று எழுதிக்கொண்டாள்.

“டீச்சர், நீங்க சொல்லுங்க. அவர் எழுதின வார்த்தை உங்களை என்ன பண்ணுச்சு?”

மிசஸ் ஹவ்லிக் குளவியின் கொடுக்கை விரலால் நிமிர்த்திவிட்டார்.

“மொத்தத்தையும் அச்சடிச்சுக் கையில குடுத்தாங்க. நூத்திப் பன்னெண்டு வரி. ஒரே வரி. வண்டியில உக்காந்துதான் படிச்சேன். ரொம்ப நேரம் வண்டியை எடுக்க முடியல. பெட்டியில போட்டு என்னைப் புதைக்கிறப்பதான் இந்த ஊர் அதைச் சொல்லும்னு நெனச்சிருந்தேன்.”

“பார்த்தீங்களா!” என்றாள் டாப்னி, கண்கலங்க. “சாவு வரைக்கும் யோசிச்சிருக்காங்க. எவ்வளவு ஆழமான காயம்!”

கடைசியில் இருவரும் கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும் என்றாள். நார்ட்பியில் ஆட்கள் கட்டிக்கொள்வது சவ அடக்கத்தில் மட்டும்தான், அதுவும் பக்கவாட்டில். இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு கையை நீட்டக்கூடிய மட்டும் நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். அறிக்கையில் ‘கடும் பகை, தொடக்கூட மறுத்தனர்’ என்று ஏறியது.

“திங்கட்கிழமை வந்துடாதீங்க, வெர்லின்” என்றார் மிசஸ் ஹவ்லிக் வெளியே நடக்கும்போது. “உங்களுக்குக் கூச்சமா இருக்கும்.”

“பாக்கலாம்” என்றார் வெர்லின்.

சனிக்கிழமை முழுக்க ஜோலீன் அவரைப் பழக்கினாள். மிஷினுக்குப் புரிகிற பாஷையில் பேச வேண்டும் என்றாள்.

“‘சிறந்தவர்’னு சொல்லு.”

“சிற... பரவால்லாதவர்.”

“வெர்லின்!”

“வாய் போக மாட்டேங்குது ஜோலீன். பொய் சொல்ற மாதிரி இருக்கு.”

“பொய்யா அது?”

“இல்ல. அதான் கஷ்டமா இருக்கு.”

“என்னைப் பாத்துச் சொல்லிப் பாரு.”

“உன்னையா?”

“டீச்சரைப் பத்திதான். என்னைச் சொன்னா நான் தாங்க மாட்டேன்.”

பிக்கப் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுத் தனியாகச் சொல்லிப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. ஆனாலும் காது சிவந்துவிட்டது.

திங்கட்கிழமை மாலை வாரியக் கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் கூடியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எழுபது எண்பது பேர் இருக்கும். அதில் பாதிப் பேராவது அந்த வரியை எழுதியவர்கள். வெர்லினைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காப்பிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்கள்.

முதலில் கொடி வணக்கம். அடுத்து விருது. ‘வித்தியாசம்’ என்று பொறித்த கண்ணாடிக் கோபுரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் ஸ்டெயின்கே பேசினார். “இந்த விருது எனக்கல்ல. முந்நூத்தி நாப்பது தடவை என்னை இந்த மேடைக்குத் தள்ளிவிட்ட உங்களுக்கு!” அந்த முந்நூற்று நாற்பது பேரில் அங்கே வந்திருந்தவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். போதகரின் மனைவி மட்டும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பாஷை புரிந்திருந்தது.

அப்புறம் ஒப்புதல் பட்டியல். பேசத் தேவையில்லாத சில்லறைக் காரியங்களை ஒரே மூச்சில் வாசித்து ஒரே தடவையில் ஆமோதிப்பது. காப்பீட்டு முகவரும் வாரியத் தலைவருமான கேரி உல்மன் வாசித்தார்: “தரை மெழுகு இருபது டப்பா, வண்டி நிறுத்துமிடத்துக்குச் சரளை ரெண்டு லோடு, கால்பந்து மைதானத்துக்குப் புது ஸ்கோர் பலகை, பி. ஹவ்லிக் ஒப்பந்தம் புதுப்பிக்காமை, பால் வினியோகம்.”

“ஒரு நிமிஷம்” என்று ஒரு உறுப்பினர் கையை உயர்த்தினார்.

வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஸ்கோர் பலகையைத் தனியா எடுத்துப் பேசணும். இது சின்ன விஷயம் இல்ல.”

பலகை தனியே எடுக்கப்பட்டது. மற்றவை ஒன்பது வினாடியில் நிறைவேறின. முப்பத்தொரு வருஷம் தரை மெழுகுக்கும் பாலுக்கும் நடுவே போயிற்று. பிறகு பலகையில் வரைய வேண்டிய குளவியின் கொடுக்கு மேல்நோக்கி இருக்க வேண்டுமா பக்கவாட்டில் இருக்க வேண்டுமா என்று நாற்பது நிமிஷம் பேசினார்கள். இரண்டு உறுப்பினர்களுக்குக் குரல் உடைந்தது. ஒருவர், தான் இந்த ஊரை எவ்வளவு நேசிக்கிறார் என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதற்கப்புறம்தான் பொதுமக்கள் பேசும் நேரம். ஆளுக்கு மூன்று நிமிஷம். மேசையில் ஒரு விளக்கு. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும்.

“விதிகளைச் சொல்லிடுறேன்” என்றார் கேரி உல்மன். “முடிவெடுத்தாச்சுன்னா அந்த விஷயத்தைப் பத்திப் பேசக் கூடாது, பிரயோஜனம் இல்ல. முடிவெடுக்காத விஷயத்தைப் பத்தியும் பேசக் கூடாது, எங்க மனசு கலைஞ்சிடும். ஊழியர் யார் பேரையும் சொல்லக் கூடாது. மத்தபடி இது உங்க கூட்டம், தாராளமா பேசுங்க.”

வெர்லின் எழுந்து போனார். ஒலிவாங்கி பிள்ளைகளின் உயரத்துக்கு இருந்தது, குனிந்தார்.

“இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கு டீச்சர் இருக்காங்க” என்றார். “இருந்தாங்க. என் பொண்ணு தன்னை மக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தா. நானும் அப்படித்தான் நெனச்சேன். அதை அவ முன்னாடி சொன்னதில்ல, ஆனா நெனச்சேன். அந்த டீச்சர் நெனைக்கல. குளிர்ல, இருட்டுல வந்து, அவ பக்கத்துல உக்காந்தாங்க. ஒரு குளிர்காலம் முழுசும். எங்க வீட்டுக்கு மட்டும் இல்ல. இங்க உக்காந்திருக்கிற பாதிப்பேர் வீட்டுக்கும் அவங்க அதைச் செஞ்சிருக்காங்க. நாங்க அதை எங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதினோம். அந்த பாஷைதான் தப்புன்னா, இப்ப உங்க பாஷையில சொல்றேன்.” கழுத்து நரம்பு புடைத்தது. “அவங்க சிறந்த ஆசிரியர். என் ஆயுசுல நான் பாத்ததுலயே சிறந்தவங்க. அவங்களை அனுப்புறது அசிங்கம்.”

விளக்கு இன்னும் பச்சையிலேயே இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

தாம் பேச வேண்டியதை ஒருவன் பேசிவிட்டான் என்ற நன்றி அந்த முகங்களில் இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. நடுக்கூடத்தில் ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டதுபோல எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“கருத்துக்கு நன்றி” என்றார் கேரி உல்மன். “கொள்கைப்படி நாங்க பதில் சொல்றதில்ல. வாசல்ல பிஸ்கட் இருக்கு.”

வண்டி நிறுத்துமிடத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வெர்லினின் வண்டிக்கருகே வந்தார். அவருடைய இரண்டு மகன்களும் மிசஸ் ஹவ்லிக்கிடம் படித்தவர்கள். தொப்பியைச் சரிசெய்தார். இருமினார்.

“வித்தியாசமா பேசினே, வெர்லின்” என்றார்.

வெர்லின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மிசஸ் ஹவ்லிக்கிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மார்னியும் இன்னும் நாலு பெண்களும் வகுப்பைவிட்டு வந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை அவருடைய வண்டிவரை தூக்கினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தாழ்வாரத்தில் நின்றதற்காக ஐந்து பேருக்கும் தண்டனை வகுப்பு. மிச்சமிருந்த ஆறு வாரத்துக்குக் கணக்குப் பாடத்தைப் புதுமைச் சிற்பி எடுத்துக்கொண்டார். படம் போட்டார்.

வியாழக்கிழமை கிடங்கில் வெர்லின் ஒரு சோள லாரியை எடைமேடையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பள்ளியின் செய்தித்தொடர்பு அதிகாரி ஷெல்பி வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். உள்ளூர்ப் பெண்ணேதான். கையில் சுருட்டிய ஒரு பெரிய தாளும் ஒரு படிவமும்.

“உங்க பேச்சு அருமையா இருந்துச்சு மிஸ்டர் ட்வைட். டாக்டர் ரொம்ப நெகிழ்ந்துட்டார்.” தாளை மேசையில் விரித்தாள். நெடுஞ்சாலையோரம் வைக்கப்போகும் விளம்பரப் பலகையின் மாதிரி. விதைக் கம்பெனித் தொப்பியோடு வெர்லினின் முகம், ஒலிவாங்கிக்குக் குனிந்தபடி. பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ‘சிறந்த ஆசிரியர். என் ஆயுசில் பார்த்ததிலேயே சிறந்தவர்!’ கீழே: நார்ட்பி உயர்நிலைப் பள்ளி, சிகரத் தடத்தில்.

வெர்லின் அதை இரண்டு முறை படித்தார்.

“நான் சொன்னது மிசஸ் ஹவ்லிக்கை.”

“பேர் சொல்லலையே நீங்க. பேர் சொல்லாததால அது பள்ளிக்கூடத்துக்கே சொந்தம். வக்கீல்கிட்ட கேட்டாச்சு.”

“அவங்களைத்தான் அனுப்பிட்டீங்களே.”

“அது ஊழியர் பிரிவு. இது விளம்பரப் பிரிவு. முகத்தைப் போடுறதுக்குத்தான் ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்.” படிவத்தை நகர்த்தினாள்.

“மாட்டேன்” என்றார் வெர்லின்.

ஷெல்பி சிரித்தாள். அவளுக்கு அதிர்ச்சியில்லை. அந்த ஊரில் ஒரு கோப்பைக் காப்பி கொடுத்தால்கூட முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால், ‘சரி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா’ என்று வாங்கிக்கொள்வார்கள். இரண்டு மறுப்பு மரியாதைக்கு. அது பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

“ஊருக்குப் பெருமை மிஸ்டர் ட்வைட். தயவுசெஞ்சு போட்டுடுங்களேன்” என்றாள், இரண்டாவது தடவையாக.

“மாட்டேன். நீ யார்கிட்ட கணக்குப் படிச்சே, ஷெல்பி?”

எடைமேடையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

“மிசஸ் ஹவ்லிக்கிட்ட” என்றாள் ஷெல்பி. குரல் இறங்கிவிட்டது. “கருத்துக் கணிப்பு வந்தப்ப நானும் எழுதினேன். எங்க அம்மா பேர்ல.”

“என்ன எழுதினே?”

அவள் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெர்லின் காத்திருந்தார். அந்தத் தண்ணீர் விழுந்திருந்தால் அவர் அவளை மன்னித்திருப்பார். அது விழவில்லை. அவள் மூக்கை உறிஞ்சி, நிமிர்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“ஒரே ஒரு கையெழுத்து மிஸ்டர் ட்வைட்” என்றாள், மூன்றாவது தடவையாக.

“மாட்டேன்.”

மூன்றாவது முறையும் மறுக்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நார்ட்பியில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஷெல்பி நீட்டிய பேனாவோடு அப்படியே நின்றாள். வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பி, லாரியின் எடையைப் படித்துச் சொல்லி, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அடுத்த லாரியை ஏறச் சொன்னார். அதுவும் இறங்கிப் போயிற்று. அவள் இன்னும் போகவில்லை. படிவத்தை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். எட்டாக மடித்து, விரலால் அழுத்தி, இன்னும் மடிக்கப் பார்த்தாள். அதற்கு மேல் அந்தத் தாள் மடங்கவில்லை.